நிரம்பி வழியும் சிவப்பு

மீஞ்சூரில் கேமராவோடு நடப்பவருக்குச் சிவப்புக்குப் பஞ்சமில்லை. ஏகாம்பரநாதர், காமாட்சி, வரதராஜப் பெருமாள் என்று காஞ்சிபுரத்துத் தெய்வங்களே இங்கும் குடியிருப்பதால் 'வடகாஞ்சி' என்று பெயர் வாங்கிய ஊர் இது. கோயில் மதிலில் காவிப் பட்டை, கடைகளில் குங்குமக் குவியல், வீட்டு வாசல்களில் செம்பருத்தி, ரயிலடியில் சிக்னல் விளக்கு. தெற்கே அத்திப்பட்டு, வல்லூர் அனல்மின் நிலையங்களின் புகைபோக்கிகள். வடக்கே கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பழுக்கக் காய்ச்சிய இரும்பைக் கம்பியாக இழுக்கும் உருட்டாலைகள். வடகிழக்கே பழவேற்காடு ஏரியில், பனிக்காலத்தில் இறங்கும் பூநாரைகளின் சிறகுச் சிவப்பு.

இத்தனையையும் படமெடுத்து வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தால் ஒரு புதிர் தெரியும். செம்பருத்திச் செடியின் இலையில் நரம்பு நரம்பாகத் துல்லியம் இருக்கும். பக்கத்திலேயே பூவின் இதழ் சிவப்புத் தாளைக் கத்தரித்து ஒட்டியதுபோல் மொழுக்கென்று இருக்கும். கல்யாணப் படத்தில் மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டி மடிப்பு தெரியும்; பெண்ணின் அரக்குப் பட்டில் நெசவே தெரியாது. ஒரே லென்ஸ், ஒரே வெளிச்சம், ஒரே நொடி. சிவப்பு மட்டும் ஏன் கெடுகிறது?

சுருக்கமான பதில் இது: கேமரா மிகக் குறைந்த இடத்தில் பதிவு செய்து, வெளிச்சக் கணக்கில் மிகக் குறைத்து மதிப்பிட்டு, கடைசியில் மிகைப்படுத்திக் காட்டுகிற நிறம் சிவப்பு. இந்த மூன்றும் சேரும்போது அது யாருக்கும் தெரியாமல் நிரம்பி வழிந்துவிடுகிறது.

நான்கில் ஒரு கண்

கேமராவுக்குள் இருக்கும் சிலிக்கான் சென்சாருக்கு நிறம் தெரியாது. தன் மேல் எவ்வளவு ஒளி விழுந்தது என்று மட்டுமே அதனால் சொல்ல முடியும். அதற்கு நிறத்தைக் கற்றுக்கொடுத்தவர் கோடாக் நிறுவன விஞ்ஞானி பிரைஸ் பேயர். சென்சாரின் ஒவ்வொரு புள்ளியின் மேலும் ஒரு நுண்ணிய வண்ணக் கண்ணாடியைப் பதிக்கும் முறைக்கு 1976இல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. நான்கு புள்ளிகள் கொண்ட ஒரு சதுரத்தில் இரண்டுக்குப் பச்சை, ஒன்றுக்குச் சிவப்பு, ஒன்றுக்கு நீலம். இன்று நம் சட்டைப்பையில் இருக்கும் போன் முதல் பெரிய கேமராக்கள் வரை ஏறக்குறைய எல்லாமே இந்தப் பங்கீட்டில்தான் ஓடுகின்றன.

பச்சைக்கு ஏன் இரட்டைப் பங்கு? மனிதக் கண் நுணுக்கங்களைப் பிரித்தறிவது பெரும்பாலும் நிறமாலையின் நடுப்பகுதி ஒளியைக் கொண்டுதான். பேயர் கண்ணைப் பின்பற்றினார். ஆனால் அந்தப் பங்கீட்டின் விலையைச் சிவப்பு கொடுக்கிறது. 12 மெகாபிக்சல் கேமராவில் 60 லட்சம் புள்ளிகள் பச்சையையும், 30 லட்சம் நீலத்தையும், 30 லட்சம் சிவப்பையும் பார்க்கின்றன. வெள்ளை வேட்டி எல்லாப் புள்ளிகளுக்கும் ஒளி கொடுக்கும். பச்சை இலை பாதிப் புள்ளிகளுக்கு நன்றாகவும், மற்றவற்றுக்குக் கொஞ்சமும் கொடுக்கும். கடும் சிவப்பு இதழோ நான்கில் ஒரு பங்குப் புள்ளிகளை மட்டுமே எழுப்புகிறது. மீதி முக்கால் பங்கும் ஏறக்குறைய இருட்டில் கிடக்கும். விடுபட்ட இடங்களைக் கேமராவின் மென்பொருள் அக்கம்பக்கப் புள்ளிகளைப் பார்த்து ஊகித்து நிரப்புகிறது. இதழின் மெல்லிய நரம்பு அந்த ஊகத்தில் தொலைந்துபோகிறது.

அடுத்த அடி ஜேபெக் கோப்பாகச் சேமிக்கும்போது விழுகிறது. ஜேபெக் முறை ஒரு படத்தை வெளிச்சம், நிறம் என்று இரண்டாகப் பிரித்து வைக்கும். வெளிச்சத்தை முழு நுணுக்கத்தோடு காப்பாற்றும். நிறத்தைப் பெரும்பாலும் நான்கு புள்ளிகளுக்கு ஒன்று என்று சுருக்கிவிடும். கறுப்பு எழுத்தும் வெள்ளைத் தாளுமாக இருந்தால் இதனால் நட்டமில்லை, வேறுபாடு முழுக்க வெளிச்சத்தில் இருக்கிறது. கறுப்பும் சிவப்புமான கட்சிக்கொடியைத் தூரத்திலிருந்து எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். இரு நிறங்களும் சந்திக்கும் கோடு கலங்கி, சிவப்பு கறுப்புக்குள் கசிந்தமாதிரி இருக்கும். துணியில் சாயம் கசியவில்லை. வேறுபாட்டின் பெரும்பகுதி நிறத்தில் இருப்பதால் அந்தச் சுருக்கத்தில் அது அடிபட்டது.

கணக்கில் வராத வெளிச்சம்

புள்ளிகள் குறைவு என்பது சின்னச் சிக்கல். பெரிய சிக்கல் வெளிச்சத்தை அளக்கும் விதத்தில் இருக்கிறது.

ஒரு படத்தின் வெளிச்சத்தைக் கணக்கிட ஜேபெக் பயன்படுத்தும் சூத்திரம் எளிமையானது: சிவப்பில் 29.9 சதவீதம், பச்சையில் 58.7 சதவீதம், நீலத்தில் 11.4 சதவீதம் எடுத்துக் கூட்டிக்கொள். ஒவ்வொரு நிறத்துக்கும் 0 முதல் 255 வரை இடம் உண்டு. இனி ஒரு கலப்பில்லாத சிவப்பை நினைத்துக்கொள்வோம்: சிவப்பு 255, பச்சை 0, நீலம் 0. இதற்கு மேல் சிவப்புக்கு இடமே இல்லை, விளிம்புவரை நிரம்பிவிட்டது. ஆனால் சூத்திரம் தரும் வெளிச்சம் வெறும் 76. அதாவது, 'இந்த இடம் இருட்டாக இருக்கிறது, இன்னும் கொஞ்சம் ஒளி விடலாம்' என்கிறது கணக்கு.

மூன்று குடங்களில் ஒன்று நிரம்பி வழிந்துகொண்டிருக்க, மற்ற இரண்டும் காலியாக இருந்தால், மூன்றின் மொத்தத்தை மட்டும் பார்ப்பவருக்கு 'இன்னும் இடமிருக்கிறது' என்றுதான் படும். கேமராத் திரையில் வெள்ளை நிறத்தில் ஒரே மேடாகத் தெரியும் ஹிஸ்டோகிராம் (எந்த வெளிச்ச அளவில் எத்தனை புள்ளிகள் என்று இடமிருந்து வலமாகக் காட்டும் வரைபடம்) பெரும்பாலும் இப்படிப்பட்ட மொத்தக் கணக்குதான். அது பாதுகாப்பான நடுப்பகுதியில் நிற்கும். சிவப்பு எப்போதோ வலது ஓரத்தை முட்டி நின்றிருக்கும்.

நிரம்பிய பிறகு என்ன ஆகிறது? இதழின் ஒரு பகுதியில் சிவப்பு 255, அடுத்த பகுதியில் உண்மையில் 280 இருக்க வேண்டும், ஆனால் அதுவும் 255 என்றே பதிவாகும். இரண்டுக்கும் இருந்த வேறுபாடு அழிந்தது. மேடும் பள்ளமும் மடிப்பும் நரம்பும் அந்த வேறுபாட்டில்தான் இருந்தன. வெளிச்சம் இன்னும் கூடினால் சிவப்பு நகர முடியாமல் நிற்க, பச்சையும் நீலமும் மட்டும் மெல்ல ஏறும். இதழின் விளிம்பு ஆரஞ்சாகவோ வெளிறிய ரோஸாகவோ மாறுவதற்கு இதுதான் காரணம்.

நீலத்துக்கு வெளிச்சக் கணக்கில் இன்னும் குறைந்த மதிப்புத்தானே, அது ஏன் இவ்வளவு வழிவதில்லை என்று கேட்கலாம். நல்ல கேள்வி. விடை பொருள்களின் இயல்பில் இருக்கிறது. நீலச் சாயமும் பச்சை இலையும் தங்கள் நிறத்து ஒளியைச் சுமாராகவே திருப்பி அனுப்புகின்றன. நல்ல சிவப்புச் சாயமோ, தன் பகுதிக்குள் விழும் ஒளியில் பெரும்பங்கை அப்படியே திருப்பி அனுப்பிவிடும். மற்ற பகுதிகளை ஏறக்குறைய முழுதாக விழுங்கிவிடும். சிவப்பு இயற்கையிலேயே ஒருதலைப்பட்சமான நிறம்.

மண் சிவப்பு, சாயச் சிவப்பு

ஆனால் எல்லாச் சிவப்பும் ஒரே மாதிரி வழிவதில்லை. மீஞ்சூர்க் கோயில் மதிலின் காவியையும் அதன் வாசலில் விற்கும் குங்குமத்தையும் ஒரே படத்தில் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். காவிப் பட்டையில் சுண்ணாம்பின் பொருக்கும் தூரிகைத் தடமும் அப்படியே இருக்கும். குங்குமக் குவியல் தட்டையாகிவிடும்.

காவி, செங்கல், செம்மண் மூன்றுக்கும் நிறம் தருவது இரும்பு ஆக்சைடு. திருவள்ளூர் மாவட்டத்துச் சூளைகளில் வெந்து சிவக்கும் செங்கல்லும் களிமண்ணில் இருக்கும் இரும்பால்தான் சிவக்கிறது. இரும்பு ஆக்சைடு நீலத்தை நன்றாக விழுங்கும். பச்சையிலிருந்து சிவப்பை நோக்கிப் போகப்போக, சரிவான பாதையில் ஏறுவதுபோல் ஒளியை மெல்ல மெல்லத் திருப்பி அனுப்பும். ஆகவே பச்சைப் புள்ளிகளுக்கும் கொஞ்சம் ஒளி கிடைக்கிறது. நுணுக்கம் பிழைத்துக்கொள்கிறது.

செம்பருத்தியின் ஆந்தோசயனின், வற்றல் மிளகாயின் கரோட்டினாய்டு, கடைக்குங்குமத்தில் சேரும் செயற்கைச் சாயம் ஆகியவை வேறு இனம். இவை சுமார் 600 நானோமீட்டர் அலைநீளம் வரை ஒளியை விழுங்கிக்கொண்டே வந்து, அங்கே செங்குத்தாக எழுந்து நிற்கும். அந்தப் பக்கம் எல்லாம், இந்தப் பக்கம் ஒன்றுமில்லை. மஞ்சளையும் சுண்ணாம்பையும் கலந்து வீட்டில் செய்யும் குங்குமம் சற்று மங்கலாகத் தெரிவதும், படத்தில் நன்றாக விழுவதும் உண்டு. மஞ்சளில் உள்ள குர்க்குமின் காரத்தில் சிவக்கும். அந்தச் சிவப்பு செயற்கைச் சாயம் அளவுக்குக் கூர்மையானதல்ல.

மூன்றாவது இனம் தொழிற்பேட்டைக்கே உரியது. ஷிப்ட் முடிந்து வரும் தொழிலாளர்கள் அணிந்திருக்கும் ஒளிரும் ஆரஞ்சு-சிவப்புப் பாதுகாப்பு மேலாடையைக் கவனியுங்கள். அதில் இருக்கும் ஒளிர்சாயம் நீல ஒளியையும் கண்ணுக்குத் தெரியாத புறஊதா ஒளியையும் வாங்கி, ஆரஞ்சு-சிவப்பாக மாற்றி வெளியிடுகிறது. திருப்பி அனுப்புவதோடு சொந்தமாகவும் சேர்ப்பதால், அந்த நிறப்பகுதியில் தன் மேல் விழுந்ததைவிட அதிக ஒளியையே தர வல்லது. தூரத்தில் வரும் லாரி ஓட்டுநருக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகச் செய்யப்பட்ட இந்தச் சாயத்திடம் எந்தக் கேமராவும் தோற்றுப்போகும். ஆள் தெளிவாக இருப்பார். மேலாடை ஒரு கறைபோல இருக்கும்.

சிவப்பே தெரியாத காலம்

இன்றைய கேமரா சிவப்பை மிகையாகக் காட்டுகிறது. முதல் 60, 70 ஆண்டுகளில் புகைப்படக்கலைக்குச் சிவப்பு தெரியவே தெரியாது.

வெள்ளி உப்புகள் இயல்பாகவே நீலம், ஊதா, புறஊதா ஒளிக்கு மட்டும் மசியும். 1857-58இல் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக மதுரை, தஞ்சாவூர்க் கோயில்களைப் பதிவுசெய்த லினேயஸ் ட்ரைப்பின் காகித நெகட்டிவ்களும் அப்படித்தான். நீல வானம் அளவுக்கு மீறி வெளுத்துவிடும். அதனால் அவர் நெகட்டிவில் கையாலேயே மேகங்களை வரைந்து சேர்த்தார். சிவப்புப் பொருள்களோ கறுப்பாக விழும். ஜெர்மானிய வேதியியலாளர் ஹெர்மன் வில்ஹெல்ம் ஃபோகல் 1873இல், வெள்ளி உப்போடு சாயம் சேர்த்தால் பச்சை ஒளியும் பதியும் என்று கண்டுபிடித்தார். சிவப்புவரை எல்லா நிறங்களையும் காணும் 'பான்குரோமாட்டிக்' தட்டுகளை இங்கிலாந்தின் ராட்டன் அண்ட் வெயின்ரைட் நிறுவனம் 1906இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் பிறகும் வெகுகாலம் விலை குறைந்த, சிவப்பறியாத ஃபிலிம்கள் புழக்கத்தில் இருந்தன.

பழைய குடும்பப் படங்களில் பாட்டியின் நெற்றிக் குங்குமம் கரிப்பொட்டுபோல் இருப்பதற்கும், வெற்றிலை போட்ட உதடு கறுத்திருப்பதற்கும் இது ஒரு காரணம். மேலே சொன்ன கறுப்பு-சிவப்புக் கொடியை அந்த ஃபிலிமில் எடுத்தால் முழுக்கொடியும் கறுப்பாகவே விழும். ஸ்டூடியோக்காரர்கள் பிரின்ட் போட்ட பிறகு தூரிகையால் பொட்டுக்கும் புடவைக்கும் சிவப்பு தீட்டிக் கொடுத்தார்கள். படத்தில் இல்லாத நிறத்தைக் கை சேர்த்தது.

அந்தக் குருட்டுத்தன்மையால் ஒரு நன்மையும் விளைந்தது. பிரின்ட் தாளுக்குச் சிவப்பு தெரியாது என்பதால்தான் ஸ்டூடியோ இருட்டறையில் சிவப்பு பல்பு எரிந்தது. ஊட்டியில் 1960இல் நிறுவப்பட்டு 1967இல் உற்பத்தியைத் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸின் 'இந்து' தாளைக் கழுவிய இருட்டறைகள் தமிழ்நாடெங்கும் இருந்தன. அங்கே சிவப்பு என்பது ஒளி இருந்தும் இல்லாத நிலை: மனிதருக்கு வெளிச்சம், தாளுக்கு இருட்டு.

உலகின் முதல் வண்ணப்படமும் சிவப்பிடம் மாட்டிக்கொண்டதுதான். 1861இல் லண்டனில் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் ஒரு கட்டம் போட்ட ரிப்பனைச் சிவப்பு, பச்சை, நீலக் கரைசல்களின் வழியே தனித்தனியாக எடுத்த படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகத் திரையிட்டு வண்ணத்தை வரவழைத்தார். படங்களை எடுத்துக் கொடுத்தவர் தாமஸ் சட்டன். விசித்திரம் என்னவென்றால், அன்றைய தட்டுக்குச் சிவப்பு தெரியாது. சிவப்புக் கரைசலின் வழியே எதுவும் பதிந்திருக்கவே கூடாது. நூறாண்டுகள் கழித்து, 1961இல், கோடாக்கின் ரால்ஃப் எவன்ஸ் அந்தச் சோதனையைத் திரும்பச் செய்து பார்த்து விடையைச் சொன்னார். ரிப்பனின் சிவப்புச் சாயம் புறஊதா ஒளியையும் திருப்பி அனுப்பியது; சிவப்புக் கரைசலும் புறஊதாவை உள்ளே விட்டது. தட்டு பதிவுசெய்தது அந்தப் புறஊதாவைத்தான். மாக்ஸ்வெல்லின் கொள்கை சரி. சிவப்பு மட்டும் ஆள்மாறாட்டம் செய்துவிட்டது.

சிவப்பு ஃபில்டரும் காலைப் புகைமூட்டமும்

பான்குரோமாட்டிக் ஃபிலிம் வந்ததும் கறுப்பு-வெள்ளைக் கலைஞர்கள் கையில் ஒரு புதுக் கருவி சேர்ந்தது: லென்ஸுக்கு முன்னால் சிவப்புக் கண்ணாடி. நீல ஒளியை அது தடுப்பதால் வானம் கறுத்து மேகம் தூக்கலாக நிற்கும். இதற்குப் பின்னால் இருப்பது ராலே பிரபு 1871இல் விளக்கிய ஒளிச்சிதறல். காற்றின் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிக்கும் அளவு அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்குத் தலைகீழாக மாறும். 450 நானோமீட்டர் நீலம், 650 நானோமீட்டர் சிவப்பைவிட நான்கு மடங்குக்கும் மேல் சிதறும். தூரத்துக் காட்சியின் மேல் படியும் நீலத்திரை அதனால் வருவது. சிவப்பு ஒளி அந்தத் திரையை ஊடுருவி வந்துவிடுகிறது.

இப்போது கண்ணாடி வாங்க வேண்டியதில்லை. போனில் எடுத்த வண்ணப்படத்தை எடிட்டிங் செயலியில் கறுப்பு-வெள்ளையாக்கும்போது சிவப்பை உயர்த்தி நீலத்தைத் தாழ்த்தினால் அதே விளைவு கிடைக்கும். காலை வேளையில் அத்திப்பட்டுப் பக்கத்துப் புகைபோக்கிகளை இப்படிச் செய்து பார்க்கலாம். காற்றில் நுண்ணிய துகள்கள் மட்டும் இருக்கும் நாளில் மூட்டம் விலகிக் காட்சி தெளியும். கடலோர ஈரத்தில் துகள்கள் ஊதிப் பெருத்திருக்கும் நாளிலோ மூடுபனியிலோ பலிக்காது. பெரிய துளிகள் எல்லா நிறங்களையும் ஏறக்குறைய ஒன்றுபோலச் சிதறடிக்கும், சிவப்புக்குச் சலுகை கிடையாது. பழவேற்காட்டுச் சூரியோதயம் ஒருநாள் செக்கச்செவேலென்றும் மறுநாள் சாம்பல் பூத்தும் வருவதில் இந்தத் துகள் அளவுக்குப் பெரும்பங்கு உண்டு.

காய்ச்சிய இரும்பு ஏன் ஊதாவாகத் தெரிகிறது?

கொல்லர் உலையிலோ கரி அடுப்பிலோ கனன்று கிடக்கும் தணலைப் போனில் எடுத்துப் பாருங்கள். கண்ணுக்கு ஆரஞ்சு-சிவப்பு, பல போன்களில் ஊதா கலந்த ரோஸ் நிறம். இது சிவப்புக்கு அப்பால் இருக்கும் அகச்சிவப்பின் குறும்பு.

எந்தத் திடப்பொருளையும் சுமார் 525 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கினால் இருட்டில் மங்கிய சிவப்பாக ஒளிரத் தொடங்கும் என்று 1847இல் எழுதியவர் ஜான் வில்லியம் டிரேப்பர். நிலவை முதன்முதலில் படமெடுத்தவர்களில் அவரும் ஒருவர். உருட்டாலையில் இரும்பை இழுக்கும் வெப்பநிலை இதைவிட இருமடங்கு, 1,100 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூட்டில் வெளிவரும் கதிர்வீச்சின் உச்சம் ஏறக்குறைய 2,100 நானோமீட்டரில், அகச்சிவப்புக்குள் ஆழத்தில் இருக்கிறது. நம் கண் 700 நானோமீட்டரோடு நின்றுவிடும். நாம் காணும் செந்நிறம் அந்தப் பெருவெள்ளத்தின் ஓரத்துச் சிறு வாய்க்கால். சிலிக்கான் சென்சாரோ 1,100 நானோமீட்டர்வரை பார்க்கும்.

அந்த மிகைப் பார்வையை அடைக்கத்தான் சென்சாருக்கு முன்னால் அகச்சிவப்புத் தடுப்புக் கண்ணாடி வைக்கிறார்கள். வடிகட்டலில் கசிவு இருந்தால், அகச்சிவப்பு சிவப்புப் புள்ளிகளை மட்டுமல்லாமல் நீலப் புள்ளிகளையும் எட்டிவிடும். அந்த அலைநீளத்தில் பேயரின் மூன்று வண்ணக் கண்ணாடிகளும் ஏறக்குறைய திறந்த கதவுதான். சிவப்போடு நீலம் சேர்ந்தால் ஊதா. 2006இல் வந்த லைக்கா எம்8 கேமராவில் இந்தத் தடுப்பு மெலிதாக இருந்ததால் கறுப்புச் செயற்கைத் துணிகள் ஊதா பூத்தன. லென்ஸில் மாட்டத் தனி ஃபில்டர் கொடுக்க வேண்டிவந்தது. உங்கள் போனில் தடுப்பு எப்படி என்று அறிய டிவி ரிமோட் போதும். அதன் முனையை முன்பக்கக் கேமராவுக்குக் காட்டிப் பொத்தானை அழுத்துங்கள். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு மின்னினால் திரையில் வெளிறிய ஊதாப் புள்ளியாகத் தெரியும்.

தடுப்பு மிகக் கடுமையாக இருந்தாலும் கெடுதல்தான்: 650 நானோமீட்டருக்கு மேற்பட்ட ஆழ்சிவப்பையும் அது கடித்துக்கொள்ளும். ஒரே அரக்குப் புடவை இரண்டு கேமராக்களில் இரண்டு நிறமாகத் தெரிவதற்கு இந்தக் கண்ணாடி எங்கே வெட்டுகிறது என்பதும் ஒரு காரணம்.

செவ்வாடைக் கூட்டமும் அந்திச் செம்பருத்தியும்

மார்கழி, தை மாதங்களில் மேல்மருவத்தூருக்கு இருமுடி கட்டிப் புறப்படும் செவ்வாடைப் பக்தர்களைப் படமெடுத்தவர்கள் இன்னொன்றைக் கவனித்திருப்பார்கள். சட்டகம் நிறையச் சிவப்பு இருந்தால் முகங்களில் பச்சை-நீலச் சாயல் படியும். தானியங்கி வொயிட் பேலன்ஸின் அடிப்படை ஊகம், 'எந்தக் காட்சியிலும் எல்லா நிறங்களையும் கலந்தால் சாம்பல் வரும்' என்பது. காட்சியே சிவப்பாக இருக்கும்போது கேமரா, விளக்குதான் சிவப்பு என்று நினைத்து எதிர்நிறத்தை ஊற்றுகிறது. இன்றைய போன்கள் முகத்தை அடையாளம் கண்டு இதைக் குறைத்துக்கொள்கின்றன. கேமராவில் 'பகல் வெளிச்சம்' என்று கையால் அமைத்துவிட்டால் சிக்கலே எழாது.

அந்தி நேரத்தில் நம் கண்ணே கட்சி மாறிவிடுகிறது. பகலில் பார்க்கும் கூம்பு செல்கள் ஓய்ந்து, கோல் செல்கள் பொறுப்பேற்கும். அவற்றின் கூர்மை 500 நானோமீட்டரை ஒட்டிய நீலப்பச்சையில். சிவப்பு அவற்றுக்கு எட்டாது. பொழுது சாயச் சாய இலையைவிடப் பூ முந்திக் கறுப்பதை 1825இல் விவரித்தவர் செக் நாட்டு ஜான் புர்க்கின்யே. சென்சாரில் இப்படிப் பணிமாற்றம் கிடையாது. ஆகவே ஆறரை மணிக்கு எடுத்த படத்தில், கண்ணுக்கு அணைந்துபோன செம்பருத்தி இன்னும் எரிந்துகொண்டிருக்கும். கேமரா பொய் சொல்லவில்லை. ஆனால் நாம் கண்டதும் அதுவல்ல. அந்தியின் உணர்வு வேண்டுமென்றால் சிவப்பைக் கையால் சற்றுத் தணிக்க வேண்டும்.

ஆல்பம் சிவக்கும், போஸ்டர் நீலமாகும்

எடுத்த பிறகும் சிவப்பின் கதை ஓய்வதில்லை. 1970, 80களின் கல்யாண ஆல்பத்தைத் திறந்தால் எல்லாப் படங்களும் செம்மை ஏறிக் கிடக்கும். மீஞ்சூர்க் கடைச்சுவரில் வெயில் காய்ந்த பழைய போஸ்டரோ நீலம் பாரித்துக் கிடக்கும். ஒன்றில் சிவப்பு மிஞ்சுகிறது, மற்றதில் சிவப்புதான் முதலில் சாகிறது.

வண்ணப் பிரின்ட்டில் மயில்நீலம், ஊதாரோஸ், மஞ்சள் என்று மூன்று சாய அடுக்குகள் உண்டு. அக்காலத்துத் தாள்களில் இருட்டில் வைத்தாலும் சிதைந்துகொண்டிருந்தது மயில்நீலச் சாயம். அது போனால் எஞ்சும் ரோஸும் மஞ்சளும் சேர்ந்து சிவப்பு. ஈஸ்ட்மன் கலர் சினிமாப் பிரதிகள் ரோஸ் ஏறிப்போனதும் இதே கதைதான். வெப்பமும் ஈரமும் இந்த வேதிவினையைத் துரிதப்படுத்தும். வடசென்னைக் கடலோரத்தில் இரண்டுக்கும் குறைவில்லை. போஸ்டரில் நடப்பது வெயிலின் வேலை. சிவப்பைத் தரும் ரோஸ், மஞ்சள் மைகள் ஆற்றல் மிக்க நீல, பச்சை ஒளியை விழுங்குவதால் சீக்கிரம் உடைகின்றன. நீல மை பெரும்பாலும் தாலோசயனின் என்னும் உறுதியான சேர்மம். அது தாங்கி நிற்கிறது. ஆகவே பழைய ஆல்பங்களை ஸ்கேன் செய்வதைத் தள்ளிப்போட வேண்டாம். சாயம் முழுதும் போகாதவரை, மிஞ்சியிருப்பதைக் கணினியில் உயர்த்தி நிறத்தை ஓரளவு மீட்க முடியும்.

வழியாமல் பிடிக்க

செய்ய வேண்டியவை சிலதான். கேமராவில் ஹிஸ்டோகிராமை மூன்று நிறமும் தனித்தனியாகத் தெரியும்படி மாற்றிக்கொள்ளுங்கள். சிவப்பு மேடு வலது ஓரத்தை முட்டினால் எக்ஸ்போஷரை முக்கால் ஸ்டாப் அல்லது ஒரு ஸ்டாப் (ஒளியைப் பாதியாக்கும் அளவு) இறக்குங்கள். 'விவிட்' போன்ற பளிச்சென்ற அமைப்பைக் கைவிடுங்கள். அது சிவப்பைத்தான் முதலில் ஊதிவிடும். போனில் பூவின் மேல் தொட்டுப் பிடித்து, பக்கத்தில் வரும் சூரியச் சின்னத்தைக் கீழே இழுத்தால் போதும். நேர்வெயிலைத் தவிர்த்து மேகநிழலில் எடுங்கள். இதழின் மினுக்கைக் குறைக்க போலரைசர் ஃபில்டர் உதவும்.

எல்லாவற்றிலும் பெரிய காப்பு, சென்சார் பதிவுசெய்ததை ஜேபெக்காக மாற்றாமல் அப்படியே வைத்திருக்கும் ரா (RAW) கோப்பு. பகல் வெளிச்சத்தில் பல கேமராக்களின் சென்சார்கள் சிவப்பைப் பச்சையில் ஏறக்குறைய பாதி அளவே பதிவுசெய்கின்றன. வெள்ளை வெள்ளையாகத் தெரிவதற்காகக் கேமரா பின்னர் சிவப்பை இரட்டிப்பாக்குகிறது. ஜேபெக்கில் வழிந்த சிவப்பு பல நேரம் இந்தப் பெருக்கலில் வழிந்ததுதான். ராவில் அது இன்னும் பத்திரமாக இருக்கும். ஆனால் அகல்விளக்கிலோ மண்டபத்து மஞ்சள் பல்பிலோ இந்தச் சமாதானம் செல்லாது. அந்த ஒளியே சிவப்பு மிகுந்தது. சென்சாரிலேயே சிவப்பு முதலில் நிரம்பும். அங்கே எடுக்கும்போதே குறைத்து எடுப்பது ஒன்றுதான் வழி.

ராவை வைத்துக்கொள்ள இன்னொரு காரணமும் உண்டு. இணையத்தில் இன்றும் ஆட்சி செய்யும் எஸ்ஆர்ஜிபி நிற எல்லை, 1996இல் எச்பியும் மைக்ரோசாஃப்டும் அக்காலத்துக் குழாய்த் திரைகளுக்காக வகுத்தது. செம்பருத்தியின் ஆழ்ந்த சிவப்பும் ஒளிரும் மேலாடையும் அந்த எல்லைக்கு வெளியே விழுபவை. 2016இல் ஐபோன் 7 முதல் பரவலான பி3 திரைகள் அந்த எல்லையைச் சிவப்புப் பக்கமும் பச்சைப் பக்கமும் அகட்டியிருக்கின்றன. இனி வருபவை மேலும் அகட்டும். மொழுக்கென்று நாம் திட்டுகிற பல சிவப்புகளில் சென்சார் தன் வேலையைச் செய்துவிட்டது, திரைக்குத்தான் அதைக் காட்ட வகையில்லை. வழியாமல் பிடித்த ரா கோப்பு கையில் இருந்தால், இன்று மீஞ்சூரில் எடுத்த செம்பருத்தியின் நரம்புகளை இன்னும் செய்யப்படாத ஒரு திரையிலும் பார்த்துக்கொள்ளலாம். ஜேபெக்கில் 255 என்று தட்டையாகிப் போனதை எந்தத் திரையாலும் திருப்பித் தர முடியாது.